அஸ்வின்: யோசித்து வீசியவர்

ரவிச்சந்திரன் அஸ்வின் இந்தியாவுக்காக 106 டெஸ்ட் ஆடி 537 விக்கெட் எடுத்தார். இந்தியப் பந்துவீச்சாளர்களில் அவருக்கு மேலே இருப்பவர் ஒருவர்தான், 132 டெஸ்டில் 619 விக்கெட் எடுத்த அனில் கும்ப்ளே. மட்டையாலும் அஸ்வின் 3,503 ரன் அடித்திருக்கிறார். அதில் 6 சதங்கள். ஒருநாள் ஆட்டத்தின் 156 விக்கெட்டையும் டி20-யின் 72 விக்கெட்டையும் சேர்த்தால் சர்வதேசக் கணக்கு 765. 2011 நவம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடியவர், 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில், ஒரு தொடர் பாதியில் இருக்கும்போதே, சில நிமிடம் பேசி விடைபெற்றுக்கொண்டார். எட்டு மாதம் கழித்து ஐபிஎல்லுக்கும் விடைகொடுத்தார்.

சுழற்பந்து வீச்சாளருக்கு வேகம் என்ற ஆயுதம் கிடையாது. மணிக்கு 85, 90 கிலோமீட்டரில் வரும் பந்தை உலகத் தரத்து ஆட்டக்காரர் கண்ணால் பார்த்தே ஆடிவிடலாம். அவரைத் தப்பாக யோசிக்க வைத்தால்தான் விக்கெட். இந்த வேலையை அஸ்வின் அளவுக்குப் படித்து, எழுதிவைத்து, சோதித்து, பிடிக்காததைத் தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கியவர்கள் குறைவு. அவர் வாழ்க்கையை விக்கெட் எண்ணிக்கையாக மட்டும் படித்தால் பாதிதான் தெரியும்.

1986 செப்டம்பர் 17 அன்று பிறந்த அஸ்வின் வளர்ந்தது சென்னை மேற்கு மாம்பலத்தில், ராமகிருஷ்ணபுரம் முதல் தெருவில். அப்பா ரவிச்சந்திரன் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர், கிளப் ஆட்டங்களில் வேகப்பந்து வீசியவர். அம்மா சித்ரா. சென்னைத் தெருக்களில் ஆடப்படும் கிரிக்கெட்டுக்குத் தனிச் சட்டப் புத்தகமே உண்டு. காம்பவுண்டுக்குள் பந்து நேராக விழுந்தால் அவுட். சுவரில் பட்டுத் திரும்பி வந்த பந்தை ஒரு கையால் பிடித்தாலும் அவுட். இடம் குறுகல் என்பதால் ஓங்கி அடிக்க முடியாது. பந்தை எங்கே தட்டினால் ஆள் இல்லை என்று பார்த்துத்தான் ஆட வேண்டும். பிற்காலத்தில் அவர் நினைவுக் குறிப்புகள் 'ஐ ஹேவ் த ஸ்ட்ரீட்ஸ்' என்ற பெயரில் 2024-ல் நூலாக வந்தன. தெரு என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது காரணமில்லாமல் இல்லை.

சிறுவனாக அவர் பந்துவீச்சாளரே அல்ல, தொடக்க ஆட்டக்காரர். 14 வயதில் இடுப்புப் பகுதியில் பட்ட காயம் அவரை நீண்ட நாள் படுக்கையில் போட்டது. எழுந்து வந்தபோது அணியில் அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். அதன்பின் சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் பயிற்சியாளர் சி.கே. விஜயகுமார் அவரை ஆஃப் ஸ்பின் பக்கம் திருப்பினார். ஆறடிக்கு மேல் உயரம் இருந்தது நல்லதாகப் போயிற்று. உயரத்திலிருந்து விடும் பந்து கூடுதலாக எழும்பும். சுழற்பந்துக்கு அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம் பெரிய சொத்து. பள்ளி முடிந்து காலவாக்கத்திலுள்ள எஸ்எஸ்என் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்தார். பொறியியல் படித்த புத்தி என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். தெருவில் கற்றதன் பங்கும் அதற்குக் குறைந்ததல்ல.

தெருக் கல்விக்கு நல்ல சாட்சி சொடுக்குப் பந்து. உலகம் அதை கேரம் பால் என்கிறது. சென்னையிலும் சுற்றுப்பட்டிலும் டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்கள் சொடுக்கு பால் என்பார்கள். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கோடையில் ஏரி வற்றினால் அந்தப் படுகைதான் மைதானம். ஞாயிற்றுக்கிழமை சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளிகளும் ஊர்ப் பையன்களும் அணி கட்டி, பந்தயத் தொகை வைத்து ஆடுவார்கள். டென்னிஸ் பந்தில் தையல் கிடையாது. தோல் பந்தைப் போல விரலால் முறுக்கிச் சுழற்றினால் பெரிதாகத் திரும்பாது. அதனால் அங்கே ஆட்கள் வேறு வழி கண்டார்கள். பந்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, நடுவிரலை மடக்கிப் பின்னால் முட்டுக் கொடுத்து, கேரம் காயைச் சுண்டுவதுபோல் சுண்டிவிடுவார்கள். பந்து மென்மையாக இருப்பதால் விரலுக்கு நன்றாக அடங்கும், சுண்டும் விசைக்குச் சட்டென்று திரும்பும்.

அஸ்வின் இதைச் சென்னையில் டென்னிஸ் பந்து ஆடிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். தோல் பந்தில் அதைச் செய்வது வேறு கதை. 156 கிராமுக்குக் குறையாத கடினமான பந்து. அதை ஒற்றை விரலால் சுண்டி 20 கெஜம் தள்ளி, சொன்ன இடத்தில் விழவைக்க வேண்டும். 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்த மெண்டிஸ் இதே வகைப் பந்தால் இந்தியாவின் 6 விக்கெட்டை 13 ரன்னுக்குச் சாய்த்தபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. மெண்டிஸ் அதையே முதன்மை ஆயுதமாக வைத்தார். சில ஆண்டில் ஆட்டக்காரர்கள் படித்துவிட்டார்கள். அஸ்வின் அதை ஒளித்துவைத்தார். அவருடைய வழக்கமான ஆஃப் பிரேக் வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே வரும். சொடுக்கு பால் அவரை விட்டு வெளியே போகும். பத்துப் பந்து உள்ளே வந்தபின் பதினொன்றாவது வெளியே போனால்தான் அதற்கு மதிப்பு.

2006 டிசம்பரில் ஹரியானாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆட்டம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் லீக் நடத்தி வளர்த்த தலைமுறை அது. ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், எம்ஆர்எஃப் என்று தொழில் நிறுவனங்கள் அணி வைத்து, ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைத்த லீக். சென்னைத் தொழிற்சாலைகள் தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டுக்குச் செய்த இந்த உதவியைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

பெயர் நாடு முழுக்கப் போனது சென்னை சூப்பர் கிங்ஸ் வழியாக. 2010-ல் சென்னை ஐபிஎல் கோப்பையை வென்றது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது, அஸ்வின் தொடர் நாயகன். 2011 மே 28 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் இறுதியாட்டம். எதிரே பெங்களூரின் கிறிஸ் கெய்ல், அந்தப் பருவம் முழுக்க எல்லாரையும் நொறுக்கியவர். சென்னை கேப்டன் தோனி முதல் ஓவரையே அஸ்வினிடம் கொடுத்தார். நான்காவது பந்தில் கெய்ல் ரன் எடுக்காமல் விக்கெட் கீப்பர் தோனியிடமே பிடி கொடுத்தார். புதுப் பந்தில் ஆஃப் ஸ்பின்னரை இறக்குவது அன்று எல்லாருக்கும் வழக்கமில்லாத வேலை.

அதே ஆண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெல்லியில் முதல் டெஸ்ட். 9 விக்கெட், ஆட்டநாயகன். மூன்றாவது டெஸ்டில் மும்பையில் 9 விக்கெட்டோடு 103 ரன்னும். முதல் தொடரிலேயே தொடர் நாயகன். மொத்தத்தில் இந்த விருதை அவர் 11 முறை வாங்கினார். டெஸ்டில் அதிக முறை வாங்கிய முத்தையா முரளிதரனின் எண்ணிக்கையும் அதுவே. ஒருவர் கண்டியில் வளர்ந்த தமிழர், மற்றவர் மாம்பலத்துத் தமிழர், இருவருமே ஆஃப் ஸ்பின்னர்கள்.

தொடக்கத்தின் வெளிச்சம் சீக்கிரம் மங்கவும் செய்தது. 2013 ஜூனில் பர்மிங்காமில் இங்கிலாந்துக்கு எதிரான சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் கடைசி ஓவரைத் தாங்கி, 5 ரன்னில் வென்று கொடுத்தவர், அந்த ஆண்டு டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. அடுத்த டெஸ்டுக்கு வெளியே. மறுபடி டெஸ்ட் ஆட எட்டு மாதம் ஆயிற்று. சொடுக்கு பாலையும் வகைவகையான பந்துகளையும் அதிகம் நம்பி, அடிப்படை ஆஃப் பிரேக்கைத் தேயவிட்டார் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. அவர் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாமல் வேலையாக எடுத்துக்கொண்டார். ஓடிவரும் விதம், கையை விடும் கோணம், கிரீஸில் நிற்கும் இடம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து மறுபடி கோத்தார்.

2015 முதல் 2017 வரை அவர் தொட்டதெல்லாம் விக்கெட். இலங்கையில் மூன்று டெஸ்டில் 21, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக உள்நாட்டில் 31. 2016 அக்டோபரில் இந்தூரில் நியூசிலாந்துக்கு எதிராக 140 ரன் கொடுத்து 13 விக்கெட். அதில் ஒரு இன்னிங்ஸில் 59-க்கு 7. இந்த இரண்டுமே அவருடைய சிறந்த கணக்கு. அந்த ஆண்டு ஐசிசியின் ஆண்டின் சிறந்த கிரிக்கெட் வீரர் விருது, டிராவிட், டெண்டுல்கருக்குப் பிறகு இந்தியாவுக்கு. 2017 நவம்பரில் நாக்பூரில் 300-ஆவது விக்கெட். 54-ஆவது டெஸ்டில் அதைத் தொட்டு, டென்னிஸ் லில்லி 56 டெஸ்டில் செய்த உலகச் சாதனையைத் தாண்டினார்.

இவ்வளவும் எப்படி வந்தது என்று பார்க்க, இடக்கை ஆட்டக்காரர்களிடம் அவர் செய்ததைக் கவனிப்பது நல்லது. 537 விக்கெட்டில் 268 இடக்கையர்கள். வேறு எந்தப் பந்துவீச்சாளரும் இத்தனை இடக்கையர்களை எடுத்ததில்லை. பென் ஸ்டோக்ஸ் 13 முறை, டேவிட் வார்னர் 11 முறை. ஆஃப் பிரேக் இடக்கையருக்கு வெளியே திரும்பும், அது எந்த ஆஃப் ஸ்பின்னருக்கும் இயல்பாகவே கிடைக்கும் வசதி. அஸ்வின் அதோடு நிற்கவில்லை. விக்கெட்டைச் சுற்றி வந்து, கிரீஸின் ஓரத்திலிருந்து ஒன்று, ஸ்டம்பை ஒட்டி ஒன்று என்று கோணத்தை மாற்றுவார். ஒன்று திரும்பி ஸ்லிப்புக்குப் போகும். அதே கையசைவில் வந்த அடுத்தது திரும்பாமல் நேராகக் காலில் படும். எது திரும்பும் என்பது ஆட்டக்காரருக்குத் தெரியாது. சில ஆடுகளங்களில் அவருக்கே தெரியாதபடி விட்டுவிடுவதும் அவருடைய உத்திதான்: தையல் தரையில் பட்டால் திரும்பும், வழவழப்பான பக்கம் பட்டால் வழுக்கிப் போகும்.

களவியூகத்தையும் ஒரு பந்தாகவே அவர் பயன்படுத்தினார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் ஸ்மித்தை மடக்கிய விதம் இதற்கு உதாரணம். அடிலெய்டில் 1 ரன்னில், திரும்பாமல் நேராகப் போன பந்தில் ஸ்லிப்பில் பிடிகொடுத்தார் ஸ்மித். அடுத்து மெல்போர்னில் அஸ்வின் லெக் ஸ்டம்பை நோக்கி வீசினார். லெக் ஸ்லிப்பில் புஜாரா நின்றார். கால் பக்கம் ரன் எடுப்பது ஸ்மித்துக்கு மூச்சு விடுவது மாதிரி. அந்த மூச்சுக்குள்தான் கண்ணி இருந்தது. ரன் எடுக்காமல் புஜாராவின் கையில் போய் விழுந்தார்.

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்று ஓர் ஆள் உண்டு. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, சில நொடியில் பந்து யாருக்கு என்று தீர்மானிப்பவர். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு அவர் வீசுவதுதான் தெரியும். ஆனால் அவருடைய பாதி வேலை வீசுவதற்கு முன்பே முடிந்திருக்கும். கிரிக்கெட்டில் அதற்கு நெருங்கிய வேலை, கேப்டனோடு சேர்ந்து களம் அமைக்கும் மூத்த சுழற்பந்து வீச்சாளருடையது.

யோசனைக்கும் எல்லை உண்டு, உடம்பு ஒத்துழைக்க வேண்டும். 2018-ல் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் காயத்தோடு மல்லுக்கட்டினார். இரண்டு முழங்கால் தசைநாரிலும் வலி, அடிவயிற்றுத் தசையில் கோளாறு. ஆறு பந்து வீசினால் மூச்சு வாங்கும் நிலை வந்ததாகவும், 2018-க்கும் 2020-க்கும் நடுவே ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்ததாகவும் பின்னாளில் அவரே சொன்னார். வெள்ளைப் பந்து அணிகளில் குல்தீப், சாஹல் என்ற மணிக்கட்டுச் சுழல்காரர்கள் வந்துவிட்டார்கள். 2017-க்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அவருக்கு அங்கே இடமில்லை.

அதைவிடக் கசந்தது வெளிநாட்டு டெஸ்ட். இந்தியாவில் ஆடிய 65 டெஸ்டில் அவருக்கு 383 விக்கெட். கடல் தாண்டினால் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆடுகளங்களில் வேகப்பந்துக்கு நாலு பேர் போக, சுழலுக்கு ஒரு இடம்தான். அந்த இடத்தில் சக சுழற்பந்து வீச்சாளர் ஜடேஜாவா அஸ்வினா என்ற கேள்வி வரும்போது, மட்டையை முன்னிட்டு ஜடேஜா என்ற பதில் அடிக்கடி வந்தது. 2021-ல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்டிலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி. அன்று டெஸ்ட் தரவரிசையில் உலகின் முதலிடப் பந்துவீச்சாளர் அஸ்வின்தான். அணியில் அவர் இல்லை. மேகமும் பச்சைப் புல்லும் காரணம் என்றார்கள். எதிரணியான ஆஸ்திரேலியாவில் வார்னர், கவாஜா, டிராவிஸ் ஹெட் என்று இடக்கையர்கள் வரிசையாக இருந்தார்கள். ஹெட் 163 அடித்தார், இந்தியா தோற்றது. அந்தத் தேர்வு தவறு என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் கடல் தாண்டிய அவருடைய மறக்க முடியாத நாள் ஒன்றில் விக்கெட்டே கிடையாது. 2021 ஜனவரி 11, சிட்னி. கடைசி நாள், இந்தியா தோல்வியைத் தவிர்க்கப் போராடிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் நேராக நிற்க முடியவில்லை, குனிந்து ஷூ கயிறு கட்டவும் முடியவில்லை என்று அவர் மனைவி அன்று எழுதினார். அந்த முதுகோடு உள்ளே போய், தொடை தசை கிழிந்த ஹனுமா விஹாரியோடு சேர்ந்து 42 ஓவருக்கு மேல் நின்றார். ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸும் ஸ்டார்க்கும் உடம்பைக் குறிவைத்து வீசினார்கள். விலா, தோள், கை என்று பந்து பட்டது. ஒரு முனையில் ஓட முடியாதவர், மறு முனையில் குனிய முடியாதவர். இருவரும் தமிழில் பேசித் தைரியம் சொல்லிக்கொண்டது ஸ்டம்ப் மைக் வழியாக உலகத்துக்கே கேட்டது. 128 பந்தில் 39 ரன், ஆட்டமிழக்கவில்லை. டெஸ்ட் டிரா. அதற்கு அடுத்த வாரம் பிரிஸ்பேனில் இந்தியா வென்று தொடரையே எடுத்தது. அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 8 விக்கெட்டும் 106 ரன்னும் எடுத்தபோது, கைதட்டியவர்களில் பலர் சிட்னியையும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள்.

சட்டப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கிறவர் என்பதால் சர்ச்சையும் வந்தது. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில், ஐபிஎல்லில் பஞ்சாப் கேப்டனாக, பந்து விடும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை எதிர்முனையில் ரன் அவுட் செய்தார். ஆட்ட நாகரிகம் போயிற்று என்று பெரிய கூச்சல். அவர் அசையவில்லை: திருட்டு ரன்னுக்கு ஓடுகிறவர்தான் தவறு செய்கிறார், பந்துவீச்சாளர் அல்ல என்பது அவர் வாதம். 2022-ல் கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்சிசி, இவ்வகை ரன் அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவில் வைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ராஜஸ்தானுக்கு ஆடும்போது, ஓங்கி அடிக்கக்கூடியவருக்கு வழிவிட்டுத் தாமாகவே வெளியேறினார். ஐபிஎல்லில் உத்திக்காக அப்படிப் போனவர் அவர்தான் முதல். அதன்பின் வேறு சில அணிகளும் அதைச் செய்தன.

2022 அக்டோபர் 23, மெல்போர்ன், டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். கோலி 82 ரன்னோடு எதிர்முனையில். ஒரு பந்து, இரண்டு ரன் தேவை. தினேஷ் கார்த்திக் ஆட்டமிழந்து, அஸ்வின் அப்போதுதான் உள்ளே வந்தார். பாகிஸ்தானின் நவாஸ் காலுக்கு வெளியே வீசினார். தொண்ணூறாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கையில் எந்த ஆட்டக்காரரின் கையும் மட்டையை வீசத்தான் துடிக்கும். அஸ்வின் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தைப் போகவிட்டார். வைட். அடுத்த பந்தை மிட் ஆஃப் தலைக்கு மேல் தட்டி ஓடினார். வெற்றி.

2024 பிப்ரவரி 16, ராஜ்கோட்: இங்கிலாந்தின் ஜாக் கிராலி 500-ஆவது விக்கெட். அன்று இரவே அம்மாவின் உடல்நலம் காரணமாகச் சென்னைக்குப் பறந்து, நான்காம் நாள் திரும்பிவந்து பந்துவீசினார். மார்ச்சில் தரம்சாலாவில் 100-ஆவது டெஸ்ட், 9 விக்கெட். செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144-க்கு 6 என்று தடுமாறியபோது உள்ளே வந்து 113 அடித்தார். ஜடேஜாவோடு 199 ரன் கூட்டு. இரண்டாவது இன்னிங்ஸில் 88-க்கு 6. 38-ஆவது பிறந்தநாளை அந்த வாரம்தான் கடந்திருந்தார்.

சரிவு அடுத்த மாதமே வந்தது. நியூசிலாந்து இந்தியாவுக்கு வந்து மூன்று டெஸ்டையும் வென்றது. 2012-க்குப் பிறகு இந்தியா உள்நாட்டில் தொடர் இழந்தது அப்போதுதான். அஸ்வினுக்கு மூன்று டெஸ்டில் 9 விக்கெட், ஒவ்வொன்றும் நாற்பது ரன்னுக்கு மேல் விலையில். அதே தொடரில் அணிக்குள் வந்த வாஷிங்டன் சுந்தர், அவரும் சென்னைக்காரர், புனேயில் ஒரே டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தார். பத்தாண்டு அசையாத இடம் அசைந்தது.

ஆஸ்திரேலியத் தொடரின் முதல் டெஸ்ட் பெர்த்தில். சுழலுக்கான ஒரே இடம் சுந்தருக்குப் போயிற்று. தான் பெர்த் வந்து சேர்ந்தபோதே அஸ்வின் ஓய்வைப் பற்றிப் பேசினார் என்றும், அடிலெய்டு இரவு டெஸ்ட் வரை இருக்கும்படி தான்தான் சமாதானப்படுத்தினேன் என்றும் கேப்டன் ரோகித் சர்மா பிறகு சொன்னார். அடிலெய்டில் ஆடி 1 விக்கெட் எடுத்தார். பிரிஸ்பேனில் ஜடேஜா. முதல் டெஸ்டில் சுந்தர், மூன்றாவதில் ஜடேஜா என்றால், இந்த அணியில் மூன்றாவது ஆளாகிவிட்டோம் என்பதைக் கணக்குத் தெரிந்தவர் படிக்காமல் இருக்க முடியாது.

மழையில் நனைந்து டிராவான பிரிஸ்பேன் டெஸ்டின் கடைசி நாள், டிசம்பர் 18. உடைமாற்றும் அறையில் கோலி அவரைக் கட்டிப்பிடித்து நிற்பது தொலைக்காட்சியில் தெரிந்ததும் விஷயம் கசிந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் ரோகித்தோடு வந்து உட்கார்ந்து, சர்வதேச ஆட்டங்கள் எல்லாவற்றிலும் இதுவே தன் கடைசி நாள் என்றார். தன்னுள் இன்னும் ஆட்டம் மிச்சமிருக்கிறது, அதைக் கிளப் ஆட்டங்களில் காட்டுவேன் என்றார். கேள்வி வேண்டாம் என்று சொல்லி எழுந்து போனார். மறுநாள் காலை மேற்கு மாம்பலத்தில் பேண்டு வாத்தியம், மாலை, அம்மா அப்பாவின் கண்ணீர்.

தொடர் நடுவில் போனது சிலருக்குப் புரியவில்லை. முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. கும்ப்ளே 2008-ல் ஆஸ்திரேலியத் தொடரின் நடுவே டெல்லியில் விடைபெற்றார். தோனி 2014 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட் முடிந்த கையோடு, தொடரில் ஒரு டெஸ்ட் மிச்சமிருக்கையில். முரளிதரனோ வேறு மாதிரி: 792 விக்கெட்டில் நின்றபோது, 2010 ஜூலையில் காலியில் ஆடும் டெஸ்டே கடைசி என்று முன்கூட்டி அறிவித்துவிட்டு, தேவையான 8 விக்கெட்டையும் அதிலேயே எடுத்து, தன் கடைசிப் பந்தில் 800-ஐத் தொட்டார். கிரிக்கெட்டுக்கு வெளியே, அமெரிக்கக் கால்பந்தில் ஏழு சூப்பர் பவுல் வென்ற குவாட்டர்பேக் டாம் பிரேடி 2022 பிப்ரவரி 1 அன்று ஓய்வு அறிவித்து, நாற்பது நாளில் மனம் மாறித் திரும்பிவந்து, இன்னொரு பருவம் ஆடி, சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில், 45 வயதில், இனி இல்லை என்றார். அஸ்வினுக்கு விடைபெறும் டெஸ்ட் ஒன்று சேப்பாக்கத்தில் கிடைத்திருக்கலாம் என்று ஆதங்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. அதற்கு அவர் குறைந்தது பத்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும், அதுவும் ஓரத்தில் உட்கார்ந்து.

கிளப் ஆட்டம் என்றது வெறும் பேச்சல்ல. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. அஸ்வின் திண்டுக்கல் டிராகன்ஸில் ஆடினார். இந்திய அணியில் நிலைபெற்ற ஒருவர் மாநில லீக்கில் திண்டுக்கல், திருநெல்வேலி மைதானங்களில் வந்து ஆடியது, கூட ஆடிய பையன்களுக்குப் பள்ளிக்கூடம். 2024-ல் அவர் தலைமையில் திண்டுக்கல் முதல் முறையாகக் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் கோவைக்கு எதிராக அரைசதம் அவருடையது. 2025-லும் இறுதிக்குப் போய், திருப்பூரிடம் தோற்றது.

2025 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது. ஐபிஎல்லில் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, 9.75 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கே திரும்பியிருந்தார். பத்தாண்டு கழித்து மஞ்சள் சட்டை. பருவம் நன்றாக அமையவில்லை: 9 ஆட்டத்தில் 7 விக்கெட், அணியும் பட்டியலில் கடைசி இடம். ஆகஸ்ட் 27 அன்று ஐபிஎல்லிலிருந்தும் ஓய்வு பெற்றார். 221 ஆட்டம், 187 விக்கெட். இந்திய ஆடவர் கிரிக்கெட்டில் ஆடிக்கொண்டிருக்கும் எவரையும் வெளிநாட்டு லீக்குகளுக்குப் போக வாரியம் அனுமதிப்பதில்லை; ஓய்வு அந்தக் கதவைத் திறந்தது. செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் லீக்கில் சிட்னி தண்டர் அணியோடு ஒப்பந்தம் ஆயிற்று. இந்தியாவுக்கு ஆடிய ஆடவர்களில் அங்கே இவ்வளவு பெரிய பெயர் யாரும் அதுவரை போனதில்லை. நவம்பரில், சென்னையில் அதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது முழங்காலில் காயம். பருவம் முழுக்க ஆட முடியாது என்று அறிவித்தார்.